ஆனர்ஸ் பட்டம்: யாருக்கு மரியாதை?



வருஷா வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளியானதும் நமது கல்லாவி, ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பேச்சுக் கிளம்புகிறது. முன்னெல்லாம் அந்தப் பேச்சு, “பையனைக் காலேஜில் சேர்ப்பதா, ஓசூருக்கு வேலைக்கு அனுப்புவதா?” என்பதாக இருந்தது. இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. “மூன்று வருஷப் படிப்பில் சேர்ப்பதா, நான்கு வருஷ ஆனர்ஸ் படிப்பில் சேர்ப்பதா?” என்று கேட்கிறார்கள். தனியார் கல்வி ஸ்தாபனங்கள் சில அச்சிட்டு வழங்குகிற வண்ணத் தாள்களில் “ஆனர்ஸ்” என்னும் சொல் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்பது மாத்திரம் எந்த மூலையிலும் இருப்பதில்லை. அர்த்தம் தெரியாத சொல்லுக்கு நம் ஜனங்கள் எவ்வளவு பயப்படுவார்கள், எவ்வளவு பணம் கொடுப்பார்கள் என்பதை மந்திரம் சொல்லிப் பிழைத்தவர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகையால் அந்தச் சொல்லை முதலில் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

“ஆனர்” என்றால் மரியாதை, கௌரவம் என்று பொருள். ஆனால் மந்திரிகளுக்கும் பெரிய மனிதர்களுக்கும் பட்டமளிப்பு விழாவில் போர்த்துகிறார்களே, கௌரவ டாக்டர் பட்டம், அது வேறு, இது வேறு. அது படிக்காமலே கொடுக்கப்படுவது. இதுவோ ஒரு பாடத்தை மற்றவர்களைவிட ஆழமாகவும் அதிகமாகவும் படித்துத் தேறினதற்காகக் கொடுக்கப்படுவது. ஒருவன் சரித்திரத்தையோ, கணக்கையோ, ரசாயனத்தையோ அடிமட்டம் வரை தோண்டிப் பார்த்தான் என்பதற்கு அடையாளமாக ஒரு பெயர் இருந்தால் அதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. அறிவுக்கு மரியாதை செய்வதை ஆட்சேபிக்கிறவன் பகுத்தறிவைப் பற்றிப் பேச லாயக்கற்றவனாவான். நமது கேள்வியெல்லாம், அந்த மரியாதை அறிவைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறதா, அல்லது வேறொன்றைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறதா என்பதேயாகும்.

இந்த முறை பிறந்த இடம் இங்கிலாந்து. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் 1800ஆம் வருஷத்தில் ஏற்பட்ட பரீட்சை விதியிலிருந்து, வெறுமனே தேறுகிறவர்கள் ஒரு பக்கமும், சிறப்பாகத் தேறுகிறவர்கள் ஒரு பக்கமுமாகப் பிரிக்கப்பட்டார்கள். கேம்பிரிட்ஜில் அதற்கு முன்பிருந்தே கணிதப் பரீட்சையில் தேறினவர்களை வரிசைப்படுத்தி வந்தார்கள். ஆனர்ஸ் பெற்றவர்களில் கடைசியாக வந்தவனுக்கு ஒரு மரக் கரண்டியைக் கொடுத்துக் கேலி செய்கிற வழக்கமும் அங்கே 1909 வரையில் இருந்தது. இன்றைக்கும் அந்த நாட்டில் ஆனர்ஸில் முதல் வகுப்பு, இரண்டாவதில் மேல், இரண்டாவதில் கீழ், மூன்றாம் வகுப்பு என நான்கு படிகள் உண்டு. நான்கு என்றவுடனே நமக்கு வர்ணம் ஞாபகத்துக்கு வருவது சகஜந்தான். ஆனாலும் வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். பரீட்சையின் படி, படித்தால் மாறும். பிறப்பின் படி, என்ன செய்தாலும் மாறாது என்று எழுதி வைக்கப்பட்டது. ஆகவே பரீட்சை முறை நம் நாட்டுப் பிறவி முறையைவிடப் பல மடங்கு யோக்கியமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அந்த யோக்கியமான முறையும் எல்லோருக்கும் திறந்திருந்ததா என்று பார்த்தால் சங்கதி வேறாக இருக்கிறது. 1837ஆம் வருஷத்தில் கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் சில்வெஸ்டர் என்பவர் இரண்டாவதாகத் தேறினார். ஆனாலும் அவருக்குப் பட்டம் கொடுக்கப்படவில்லை. காரணம், அவர் யூதர். பட்டம் வாங்குகிறவர் இங்கிலாந்துச் சர்ச்சின் கொள்கைகளை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி இருந்தது; அவர் போட மறுத்துவிட்டார். கணக்குக்கும் சர்ச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1871இல் மதச் சோதனைகளை ஒழித்துச் சட்டம் வந்த பிறகுதான் அந்தச் சர்வகலாசாலை அவருக்குப் பட்டம் கொடுத்தது. அதற்குள் அவர் உலகமறிந்த கணித மேதையாகி, கிழவராகவும் ஆகிவிட்டார்.

இன்னொன்றும் கேளுங்கள். 1890இல் அதே பரீட்சையில் பிலிப்பா பாசெட் என்னும் பெண், முதலாவதாக வந்த ஆணைவிட அதிக மார்க்கு வாங்கினார். ஆனால் பெண்களை ஆண்களின் வரிசையில் சேர்க்கிற வழக்கம் இல்லை. ஆதலால் அவருக்கு எண் கொடுக்காமல் “முதலாவதாக வந்தவருக்கும் மேலே” என்று வாசித்தார்கள். மேலே என்றார்களே ஒழியப் பட்டம் கொடுத்தார்களா என்றால், இல்லை. பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் கொடுக்க ஆரம்பித்தது 1948இல். அதாவது முதல் ஆணையும் ஒரு பெண் தோற்கடித்த பிறகு 58 வருஷம் கழித்து!

இவற்றிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், மரியாதை என்கிற வீட்டுக்கு அறிவு ஒன்றுதான் வாசல் என்று வெளியே எழுதிப் போட்டிருப்பார்கள். உள்ளே போகிற இடத்தில் மட்டும் வேறொரு காவற்காரன் நிற்பான் என்பதாகும். ஒரு காலத்தில் அந்தக் காவற்காரனுக்கு மதம் என்று பெயர். இன்னொரு காலத்தில் ஆண் என்று பெயர். நம் நாட்டில் அவனுக்கு ஜாதி என்று பெயர். இன்றைக்கு நான்கு வருஷ ஆனர்ஸ் வாசலில் நிற்கிறவனுக்குப் பணப்பை என்று பெயர் என்பது நமது அபிப்பிராயம். அதை ஆதாரத்தோடு விளக்குவோம்.

பழைய சென்னை மாகாணத்திலும் ஆனர்ஸ் இருந்தது. இண்டர்மீடியட் தேறினவர்கள் சாதாரண பி.ஏ.வுக்கு இரண்டு வருஷமும், ஆனர்ஸுக்கு மூன்று வருஷமும் படிப்பார்கள். ஆனர்ஸ் தேறினவர்கள் பிறகு தனிப் பரீட்சை எழுதாமலே எம்.ஏ. பட்டமும் பெற்றுக்கொள்ளலாம். நட்சத்திரங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1983இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர், சென்னை மாகாணக் கல்லூரியில் 1930இல் பௌதிக ஆனர்ஸ் தேறினவர். காஞ்சிபுரத்தில் பிறந்து, குடும்பக் கஷ்டத்தால் முனிசிபல் ஆபீசில் குமாஸ்தா வேலையும் பார்த்துவிட்டு, பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1934இல் பொருளாதார ஆனர்ஸ் முடித்தவர் அண்ணாதுரை. அவர் அந்தப் பட்டத்தை உத்தியோகத்துக்கு உபயோகப்படுத்தாமல் மேடைக்கும் பேனாவுக்கும் உபயோகப்படுத்தினார் என்பது எல்லோருக்கும் தெரியும். இலங்கையிலும் பொதுப் பட்டத்துக்கு மூன்று வருஷம், சிறப்புப் பட்டத்துக்கு நான்கு வருஷம் என்ற ஏற்பாடு வெகு காலமாக உண்டு. ஆகவே ஆனர்ஸ் என்பது புதிதாக வானத்திலிருந்து குதித்ததல்ல.

பிறகு நம் பக்கத்தில் அந்தப் பெயர் மறைந்துவிட்டது. ஆனால் பெயர் மறைந்ததே தவிரப் பொருள் மறையவில்லை. இன்று நம் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலேஜுகளில் ஒரு பிள்ளை பி.எஸ்சி. பௌதிகம் படிக்கிறதென்றால், மூன்று வருஷமும் பௌதிகந்தான் பிரதான பாடம். மற்றவை துணைப் பாடங்கள். டெல்லியிலும் வங்காளத்திலும் இதே மாதிரி ஒரு பாடத்தைப் பிரதானமாக வைத்து மூன்று வருஷம் படித்தவர்களுக்கு வெகு காலமாக “ஆனர்ஸ்” என்று பெயர் கொடுத்து வந்தார்கள். நம் பிள்ளைக்குப் பெயர் வெறும் பி.எஸ்சி.; டெல்லிப் பிள்ளைக்குப் பெயர் பி.எஸ்சி. ஆனர்ஸ். வருஷம் ஒன்று, முறை ஒன்று, விலாசம் மாத்திரம் இரண்டு!

இது நிற்க, இப்போது வந்திருக்கிற புது ஏற்பாட்டைப் பாருங்கள். 2020ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையைப் பின்பற்றி, பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் ஒரு திட்டம் வெளியிட்டது. அதில் படிப்பைக் “கிரெடிட்” என்கிற அளவினால் அளக்கிறார்கள். ஒரு பருவத்தில் 15 மணி நேரப் பாடம் கேட்டால் ஒரு கிரெடிட் என்று கொள்ளலாம். ஒரு வருஷம் படித்து 40 கிரெடிட்டோடு நின்றால் சர்ட்டிபிகேட். இரண்டு வருஷத்தில் 80 என்றால் டிப்ளோமா. இப்படி நடுவில் நிற்பவர்கள் விடுமுறையில் 4 கிரெடிட்டுக்கு ஒரு தொழிற்பாடமும் படித்திருக்க வேண்டும். மூன்று வருஷத்தில் 120 என்றால் சாதாரணப் பட்டம். நான்கு வருஷத்தில் 160 என்றால் ஆனர்ஸ். அதிலும் முதல் ஆறு பருவங்களில் 75 சதவிகிதம் வாங்கினவர்களுக்குத்தான் “ஆராய்ச்சியோடு ஆனர்ஸ்” படிக்க அனுமதி. நடுவில் நின்றவர்கள் மூன்று வருஷத்துக்குள் திரும்பி வரலாம்; மொத்தம் ஏழு வருஷத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

காகிதத்தில் பார்த்தால் இது வெகு தாராளமாகத்தான் தோன்றுகிறது. “படிப்பை விட்டவன் வெறுங்கையோடு போகாமல் ஒரு சர்ட்டிபிகேட்டாவது கொண்டு போகட்டுமே” என்கிறார்கள். நாம் கேட்பது இதுதான்: எவன் ஒரு வருஷத்தில் நிற்பான்? எவன் நான்கு வருஷமும் இருப்பான்? கல்லாவியிலிருந்து பஸ் ஏறிப் படிக்கப் போகிற பிள்ளை, அப்பன் படுத்துவிட்டால் நிற்கும். மழை பொய்த்தால் நிற்கும். அக்காளுக்குக் கல்யாணம் வந்தால் நிற்கும். டவுனில் சொந்த வீடும், மாதச் சம்பளம் வாங்குகிற தகப்பனும் இருக்கிற பிள்ளை நான்கு வருஷமும் இருக்கும். ஆகவே சர்ட்டிபிகேட், டிப்ளோமா, பட்டம், ஆனர்ஸ் என்கிற நான்கு படியில் யார் எந்தப் படியில் நிற்பார்கள் என்பதை அவரவர் புத்தியைப் பார்க்காமல், அவரவர் வீட்டுப் பானையைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்லிவிடலாமா, இல்லையா? முன்பு படிப்பை நடுவில் விட்டால், “ஐயோ, நின்றுவிட்டானே, என்ன காரணம்?” என்று யாராவது கேட்பார்கள். இனிமேல், “அவன்தான் சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டானே!” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். திரும்பி வரலாம் என்று விதி சொல்லுகிறது. ஓசூர்க் கம்பெனியில் கூலிக்குப் போய், தங்கையின் படிப்புக்குப் பணம் அனுப்பத் தொடங்கின பையன் மூன்று வருஷத்துக்குள் திரும்பி வந்து வகுப்பில் உட்காருவான் என்று நம்புகிறவர்கள் எங்கள் பக்கத்துக் குடும்பம் ஒன்றையாவது நேரில் பார்த்ததில்லை என்றே சொல்ல வேண்டும்.

பெண்களின் சங்கதி இன்னும் ஒரு படி மேலே. மூன்று வருஷம் படிக்க அனுப்புவதற்கே எங்கள் தாலுகாவில் தாய்மார்கள் உறவினரோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. நான்காவது வருஷம் ஒரு பெண்ணின் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப் போடுமானால் அதற்காகவே நாம் அதை இரண்டு கையாலும் வரவேற்போம். ஆனால், “மூன்று வருஷத்திலேயே ஒரு பட்டம் வந்துவிட்டதே, இன்னும் என்ன?” என்று நிறுத்துகிற வீடுகள்தான் அதிகமாக இருக்கும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிற புதுமைப் பெண் திட்டம் 2022இல் நம் நாட்டில் வந்தது. பையன்களுக்கும் 2024இல் அதே மாதிரி வந்தது. இவை பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வருஷத்துக்கு 12,000 ரூபாய், ஒரு வருஷக் கூலிக்கு ஈடாகுமா?

இனி, இந்த நான்கு வருஷத்துக்கு ஆதரவாகச் சொல்லுகிற நியாயங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது, அமெரிக்கா முதலிய தேசங்களில் மேல்படிப்புக்கு நான்கு வருஷப் பட்டம் கேட்கிற சர்வகலாசாலைகள் உண்டு. இரண்டாவது, நான்கு வருஷம் படித்தவருக்கு எம்.ஏ. ஒரு வருஷந்தான். மூன்றாவது, நான்கு வருஷப் பட்டத்தில் 75 சதவிகிதம் வாங்கினவர் எம்.ஏ. இல்லாமலே நேரே டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குப் போகலாம். இம்மூன்றும் மெய்தான். ஆனால் கணக்குப் போடுங்கள். மூன்றும் இரண்டும் ஐந்து. நான்கும் ஒன்றும் ஐந்து. எம்.ஏ. வரை போகிறவனுக்கு இதில் லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. டாக்டர் பட்டத்துக்கோ அயல் நாட்டுக்கோ போகிற சிலருக்கு லாபம். மூன்று வருஷத்தோடு நிற்க வேண்டிய பெரும்பாலோருக்கோ, நேற்று வரை முழுப் பட்டமாக இருந்தது இன்று பெயர் குறைந்த பட்டமாகிவிடுகிறது. மானியக் குழுவின் திட்டப்படி, நேற்று மூன்று வருஷத்தில் கிடைத்த அதே “ஆனர்ஸ்” என்கிற மரியாதைக்கு இன்று நான்காவது வருஷத்துச் சம்பளத்தையும் கட்ட வேண்டும். சரக்கு அதேதான், விலை கூடிவிட்டது என்றால் சந்தைக்குப் போகிற நம் ஜனங்களுக்கு அது விளங்காமற் போகாது.

இந்த ஏற்பாடு எவ்வளவு நிலையானது என்பதையும் பாருங்கள். டெல்லி சர்வகலாசாலை 2013இல் நான்கு வருஷப் படிப்பைக் கொண்டுவந்தது. 2014 ஜூனில் அதை எடுத்துவிட்டது. 2022இல் மறுபடியும் கொண்டுவந்தது. நமக்கு ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். அந்த ராஜ்யம் 2021இல் எல்லோருக்கும் முந்திக்கொண்டு நான்கு வருஷ ஆனர்ஸை ஏற்றுக்கொண்டது. சர்க்கார் மாறின பின்பு, 2024 மே மாதத்தில் மூன்று வருஷத்துக்கே திரும்பிவிட்டது. கேரளமோ அதே 2024 ஜூலையில் நான்கு வருஷத்தை ஆரம்பித்தது. ஒருவர் இறங்குகிற ஏணியில் இன்னொருவர் ஏறுகிறார். நடுவில் மாட்டிக்கொள்ளுவது யார் என்றால், 2021, 2022, 2023 ஆகிய மூன்று வருஷங்களில் ஒரு விதியை நம்பிச் சேர்ந்து, தனக்குப் பின்னால் 2024இல் வந்தவன் வேறு விதியில் படிப்பதைப் பார்க்கிற பிள்ளைகள்தான். நம் தமிழ்நாட்டு சர்க்கார் காலேஜுகள் மூன்று வருஷத்தை விடாமல் வைத்திருப்பது இந்த மட்டில் புத்திசாலித்தனமான காரியம் என்றே நாம் கருதுகிறோம். 2021-22இல் அகில இந்தியாவிலும் காலேஜ் வயதுள்ள நூறு பேருக்கு 28 பேர் உயர்கல்வியில் இருந்தபோது தமிழ்நாட்டில் 47 பேர் இருந்தார்கள். இந்த எண்ணிக்கை வாசலை அகலப்படுத்தினதால் வந்ததே ஒழிய, படிகளின் எண்ணிக்கையைக் கூட்டினதால் வந்ததல்ல.

ஆனால் மூன்று வருஷத்தைக் காப்பாற்றினோம் என்று தட்டிக்கொடுத்துக்கொண்டு தூங்கிவிடவும் கூடாது. ஆனர்ஸ் என்பதன் உண்மையான உயிர் ஆழமான படிப்பு என்று முதலிலேயே சொன்னோம். அந்த ஆழம் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறதா? நம் சர்க்கார் காலேஜுகளில் ஏராளமான பாடங்களை நடத்துகிறவர்களுக்குக் “கௌரவ விரிவுரையாளர்” என்று பெயர். கௌரவம் என்ற சொல் இங்கேயும் வந்துவிட்டதைக் கவனியுங்கள்! மானியக் குழு 2019இல், இப்படிப்பட்டவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று சொன்னது. 2024இல் நம் நாட்டில் கொடுத்தது 25,000. பாக்கிப் பாதியைக் கௌரவமாகக் கொடுத்துவிட்டார்கள் போலும்! நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாத வாத்தியார், நாளைக்குச் சாப்பாடு உண்டா என்று தெரியாத பிள்ளைக்கு எந்த ஆழத்தைக் காட்டுவார்? வாத்தியாரும் புத்தகசாலையும் சோதனைச் சாலையும் இல்லாத இடத்தில் நான்கு வருஷம் அல்ல, நாற்பது வருஷம் உட்கார வைத்தாலும் பெஞ்சுதான் தேயும்.

சர்க்காரை மாத்திரம் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? பட்டத்தைத் தெய்வமாக்கினதில் நம் பங்கும் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி எழுத்துக்களைக் கோத்துவிடுகிறோம். ஒவ்வொரு எழுத்துக்கும் இத்தனை பவுன் என்று விலை பேசுகிறோம். நாளைக்கு “ஆனர்ஸ்” என்ற ஒன்று கூடினால் அதற்கும் ஐந்து பவுன் கூட்டிக் கேட்கமாட்டார்கள் என்று யார் உறுதி சொல்ல முடியும்? பரீட்சைக்கு முன்னால் பேனாவைக் கோவிலில் வைத்து எடுப்பதும், பட்டம் வந்தபின் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிப் பொட்டு வைப்பதும், அதன் பின் ஒரு புத்தகத்தையும் தொடாதிருப்பதும் படித்தவர் செய்கிற காரியங்களா? கும்பகோணத்து ராமானுஜன் எப்.ஏ. பரீட்சையில் தவறினவர். இங்கே தவறினவரைக் கேம்பிரிட்ஜ் அழைத்துக்கொண்டு, அவருடைய ஆராய்ச்சிக்காக 1916இல் பி.ஏ. பட்டம் கொடுத்தது. அறிவு முன்னே போயிற்று. பட்டம் பின்னால் ஓடி வந்தது. பட்டத்துக்குள் அறிவு அடங்கிவிடாது என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

“காலேஜ் வாசலை மிதிக்காத நீ இதைச் சொல்லலாமா? எட்டாத பழம் புளிக்கும் என்ற நரியின் கதையல்லவா இது?” என்று சிலர் கேட்கக்கூடும். நாம் வாசகசாலையிலும் டீக்கடைப் பத்திரிகையிலும் படித்தவர்கள்தான், அதை மறைப்பதில்லை. எங்கள் ஊர்ப் பெயரின் முதல் பாதியே “கல்லா” என்றுதான் இருக்கிறது என்று கேலி செய்கிறவர்களும் உண்டு. ஆனால் பழம் புளிக்கும் என்று நாம் சொல்லவில்லை. பழம் இனிப்பானது, ஆகையால் அது எல்லோர் கைக்கும் எட்டுகிற உயரத்தில் காய்க்க வேண்டும் என்கிறோம். நரி மரத்தடியில் நின்று பழித்தது. நாம் ஏணியைக் கேட்கிறோம்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். நிலத்தையும் நகையையும் ஈடு வைத்து, “ஆனர்ஸ்” என்ற பெயருக்காகப் பிள்ளையைச் சேர்க்கப் போகுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நான்காவது வருஷத்துக்கு மொத்தச் செலவு எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பார்களா? அந்த வருஷத்தில் என்ன பாடம், சொல்லிக்கொடுப்பவர் யார்? 75 சதவிகிதம் வராவிட்டால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? அதன் பின் ஒரு வருஷ எம்.ஏ. நமக்கு எட்டுகிற இடத்தில் உண்டா? இவற்றுக்குச் சரியான பதில் வந்தால், பிள்ளைக்கும் ஆசை இருந்தால், தாராளமாகச் சேருங்கள். பதிலுக்குப் பதில் வண்ணத்தாளைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சர்க்காருக்கும் ஒன்று சொல்லுகிறோம். நான்காவது வருஷம் வேண்டாம் என்று சொல்லுவதோடு உங்கள் வேலை முடிந்துவிடாது. மேல் ஆராய்ச்சிக்கு அது வேண்டியிருக்கிற பிள்ளைகளும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். பணக்காரப் பிள்ளை தனியார் சர்வகலாசாலையில் அதை வாங்கிக்கொள்ளும். ஏழைப் பிள்ளைக்கு அது இல்லை என்றால், நாம் காப்பாற்றின சமத்துவம் அரைகுறையாகப் போய்விடும். ஆதலால் மூன்று வருஷப் பட்டத்தின் மதிப்பைக் குறைக்காமல், அதற்கு மேல் படிக்க விரும்புகிறவர்களுக்குச் சர்க்கார் காலேஜுகளிலேயே, சம்பளமில்லாமல், மாதச் சாப்பாட்டுக்கு வேண்டிய உதவித் தொகையோடு, ஆராய்ச்சிப் படிப்புக்கு வழி செய்யுங்கள். வாத்தியார்களுக்குக் கௌரவத்தைக் குறைத்துச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள்.

சில்வெஸ்டரை மதத்தின் பேரால் நிறுத்தினார்கள். ஒரு சட்டம் வந்து அந்தக் காவற்காரனைத் துரத்தியது. பிலிப்பாவைப் பெண் என்று நிறுத்தினார்கள். அந்த விதியும் ஒழிந்தது. ஒழியாத காவற்காரன் எவனும் இல்லை. கேட்கிற ஜனங்கள் இருந்தால் பணப்பைக் காவற்காரனும் ஒரு நாள் விலகித்தான் ஆக வேண்டும். கேட்பதுதான் நம் வேலை.